ஈஆர்பி சாஃப்ட்வேர் போடப் போறீங்களா? கன்சல்டன்ட்டிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

"எங்க சாஃப்ட்வேர்ல எல்லாமே இருக்கு சார், மூணே மாசத்துல லைவ் பண்ணிடலாம்." சிறு, நடுத்தர நிறுவன உரிமையாளர்களுக்குப் பழகிப்போன வாக்குறுதி இது. திட்டம் சறுக்கினால் பழி மென்பொருள் மீது விழும். ஆனால் பல நேரங்களில் சிக்கல், அதை நிறுவிய விதத்தில்தான் இருக்கிறது.

ஈஆர்பி என்றால் என்ன?

கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, விற்பனை, கணக்கு, சம்பளம் என அனைத்தையும் ஒரே இடத்தில் இணைக்கும் மென்பொருள். எஸ்ஏபி, ஆரக்கிள் முதல் ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் வரை பல உள்ளன. வாங்கியதும் அப்படியே ஓடாது. நிறுவனத்தின் வேலைமுறைக்கு ஏற்ப அமைத்து, பழைய தரவை ஏற்றி, ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இதைச் செய்து கொடுப்பவர்தான் கன்சல்டன்ட்.

பெரிய நிறுவனங்களே சறுக்கியது எப்படி?

அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷே, 4 ஆண்டு வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்கத் திட்டமிட்டது. புதிய அமைப்பு 1999 ஜூலையில், ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் நேரத்தில் லைவ் ஆனது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை.

ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் 2011-ல் தொடங்கிய எஸ்ஏபி திட்டத்தை 2018-ல் கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகள் வெளியாகின. லிடில் ஸ்டாக்கை வாங்கிய விலையில் கணக்கிடும். மென்பொருளோ விற்பனை விலையில். தன் வழக்கத்தை மாற்றாமல் மென்பொருளை மாற்றப் போனதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

"இவ்வளவு அவசரம் வேண்டாம்", "இவ்வளவு மாற்றம் வேண்டாம்" என்று சொல்லும் கன்சல்டன்ட்தான் நல்ல கன்சல்டன்ட்.

என்னென்ன கேட்க வேண்டும்?

1. எங்க தொழில் தெரியுமா?
திருப்பூர் பனியன் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரின்டிங் எனப் பல வேலைகள் வெளியே ஜாப் ஒர்க்கில் நடக்கும். "டையிங்குக்கு 500 கிலோ துணி போய் 480 கிலோ திரும்பி வருது, அந்த 20 கிலோவை எங்கே காட்டுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதியும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. வேலைக்கு வரப்போவது யார்?
டெமோவுக்கு அனுபவசாலி வருவார், வேலைக்குப் புதியவர் வருவார். வரப்போகிறவர்களின் பெயர்களை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

3. எது ஸ்டாண்டர்ட், எது கஸ்டமைசேஷன்?
இந்தப் பட்டியல் எழுத்தில் வேண்டும். ஒவ்வொரு கஸ்டமைசேஷனும் அடுத்த அப்டேட்டில் கூடுதல் வேலை, கூடுதல் செலவு.

4. பழைய தரவை யார் சுத்தம் செய்வது?
ஒரே பொருள் மூன்று பெயரில் இருந்தால் புதிய மென்பொருளிலும் ஸ்டாக் தப்பாகத்தான் காட்டும்.

5. சட்ட விதிகளுக்குப் பொருந்துமா?
2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதைத் திருத்தினார் என்பதைப் பதியும் 'ஆடிட் டிரெயில்' கட்டாயம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டினால், பிற நிறுவனங்களுக்கான விற்பனைக்கு இ-இன்வாய்ஸும் கட்டாயம்.

6. சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கமிஷன் உண்டா?
உண்டு என்றால் தவறில்லை. ஆனால் அவர் சொல்வதை நடுநிலை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கையெழுத்துப் போடும் முன்...

- பணத்தை மாதக் கணக்கில் தராமல், முடிந்த வேலைக்கு ஏற்பப் பிரித்துத் தருவதாக எழுதுங்கள்.
- அட்மின் பாஸ்வேர்டு, பேக்கப், கஸ்டமைசேஷன் கோடு உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கன்சல்டன்ட்டை மாற்றுவது கஷ்டம்.
- அவரிடம் வேலை கொடுத்து ஓராண்டு முடித்த இரண்டு நிறுவனங்களிடம் பேசுங்கள். முதலாளியிடம் மட்டுமல்ல, ஸ்டோர்ஸில் பில் போடுபவரிடமும் கேளுங்கள்.
- சீசன் நேரத்தில் லைவ் போக வேண்டாம். ஒரு மாதமாவது பழைய முறையையும் சேர்த்தே ஓட்டி, இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

முக்கியமாக, உங்கள் தரப்பில் விவரம் தெரிந்த ஒருவரை இந்த வேலைக்கென்றே ஒதுக்குங்கள். கன்சல்டன்ட் கிளம்பிய பிறகு அந்த மென்பொருளை ஓட்டப்போவது அவர்தான்.