கலவைப் பரவலை மாணவர்க்கு உணர்த்துதல்

நிகழ்தகவு பயிலும் புள்ளியியல் மாணவர் தடுமாறும் இடங்களுள் ஒன்று கலவைப் பரவல். ‘கலவை’ என்னும் சொல்லே அத்தடுமாற்றத்திற்கு இடந்தருகிறது. பாலும் நீரும் கலந்தால் ஒவ்வொரு துளியிலும் இரண்டும் இருக்கும். அரிசியையும் உளுந்தையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்தாலோ, கையில் எடுக்கும் மணி அரிசியாக இருக்கும், அல்லது உளுந்தாக இருக்கும். கலவைப் பரவல் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். இரு வகுப்புகளின் சராசரி மதிப்பெண்கள் முறையே 40, 80 எனக் கொள்வோம். இரண்டிலும் மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் அமைந்துள்ளன. திட்ட விலக்கம் 5. வகுப்புக்கு ஒருவராக இருவரைத் தேர்ந்து, அவர்தம் மதிப்பெண்களின் சராசரியைக் கண்டால், அது 60ஐ ஒட்டியே அமையும். அதன் திட்ட விலக்கம் ஏறத்தாழ 3.5. இங்கு நாம் மதிப்பெண்களைச் சராசரி செய்கிறோம்.

இனி, நாணயத்தைச் சுண்டி ஒரு வகுப்பைத் தெரிவுசெய்து, அதிலிருந்து ஒருவரை மட்டும் எடுப்போம். இப்போது சராசரி செய்யப்படுபவை நிகழ்தகவுகள். கிடைப்பது கலவைப் பரவல். அதன் சராசரியும் 60தான். எனினும் திட்ட விலக்கம் 20ஐத் தாண்டும். வரைபடம் 40இலும் 80இலும் இரு முகடுகளைக் காட்டும். 60 பெற்றவரோ அரிதினும் அரியர். அச்சராசரியை எண்ணிப் பாடம் வகுக்கும் ஆசிரியர், வகுப்பில் இல்லாத ஒருவருக்கே கற்பிக்கிறார்.

குழுக்கள் நெருங்கியிருந்தால் இரு முகடுகளும் ஒன்றாகி மறைந்துவிடும். அறிஞர் வெல்டன் நேப்பிள்ஸ் வளைகுடாவின் 1000 நண்டுகளை அளந்தபோது, நெற்றி அகலத்திற்கும் உடல் நீளத்திற்கும் உள்ள விகிதம் ஒரு பக்கம் சாய்ந்த வளைகோட்டைத் தந்தது. அதனை இரு இயல்நிலைப் பரவல்களின் கலவையாகக் கொண்டு, 1894இல் கார்ல் பியர்சன் பிரித்துக் காட்டினார். ஐந்து அளவுகளைக் கண்டறிய ஒன்பதாம் படிச் சமன்பாடொன்றை அவர் தீர்க்க வேண்டியிருந்தது. இன்று அப்பணியைக் கணினி நொடியில் முடித்துவிடுகிறது.

ஆயினும், இரு பரவல்கள் பொருந்துவதால் மட்டுமே இரு இனங்கள் உண்டெனத் துணிதல் ஆகாது. ஒரே இனத்தின் அளவுகளும் இயல்பாகவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கக்கூடும். ஆகவே, சராசரியைக் கணக்கிடுமுன், ‘இத்தரவு ஒரு குழுவிலிருந்து வந்ததா, பலவற்றிலிருந்து வந்ததா?’ என வினவும் பழக்கத்தை மாணவரிடம் நாம் முதலில் வளர்த்தல் வேண்டும்.