ஒருவர் வாங்குகிறார், ஐந்து பேர் ஆடுகிறார்கள்!

அமெரிக்காவின் கதை ஆட்டமும் அதன் வரவு-செலவும்

டீக்கடையில் ஒரு பத்திரிகை வாங்கிப் போட்டால் பத்துப் பேர் படிப்பார்கள். காசு கொடுப்பவர் கடைக்காரர் ஒருவர்தான்.

அமெரிக்காவில் ஒரு விளையாட்டும் இப்படித்தான் நடக்கிறது. ஆடுபவர்கள் பல லட்சம் பேர். பணம் கொடுப்பவர்களோ கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேர் யார்? மற்றவர்களையும் பணம் கொடுக்க வைக்க முடியுமா? இந்தக் கேள்வியால் 2023-ம் ஆண்டு பெரிய சண்டையே மூண்டது.

விளையாட்டின் பெயர், "டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்."

வென்றவர் இல்லை, தோற்றவர் இல்லை

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர் ஆட்டத் தலைவர். அவர் கதையைத் தொடங்குகிறார். "நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே உறுமல் கேட்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார்.

மற்றவர்களில் ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, இன்னொருவர் திருடன். அவரவர் தான் செய்ய நினைப்பதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா, பலிக்காதா என்பதை 20 முகம் கொண்ட பகடைக்காய் முடிவு செய்யும்.

இதில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. இந்த வாரம் நிறுத்திய இடத்தில் அடுத்த வாரம் கதை தொடரும். ஒரே கதையைப் பல ஆண்டுகள் ஆடுகிறவர்களும் உண்டு.

இதற்குத் தேவை காகிதம், பென்சில், பகடைக்காய். அப்புறம், சட்டதிட்டங்கள் அடங்கிய புத்தகம். செலவு வைப்பது அந்தப் புத்தகம்தான்.

பாலிசி மீது கடன்

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் இருவர்: கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன். கைகாக்ஸ் சிக்காகோவில் இன்சூரன்சு கம்பெனி ஊழியராக இருந்தவர். 1970-ல் வேலை போயிற்று. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் செருப்புத் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1973-ல் டான் கேய் என்ற நண்பருடன் சேர்ந்து ஒரு சிறு கம்பெனி தொடங்கினார். கையில் முதல் இல்லை. கேய் தன் ஆயுள் இன்சூரன்சு பாலிசியின் மீது கடன் வாங்கி, 1,000 டாலர் போட்டார்.

1974-ல் ஆட்டம் வெளிவந்தது. ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது 1,000 பெட்டி. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர். அப்படியானால் ஒரு பெட்டியின் விலை, தொழிலாளியின் 5 மணி நேரக் கூலி!

பையன் பெரியவன் ஆனான்

தொடக்கத்தில் இது பெரியவர்கள் ஆட்டம். 1977-ல் வந்த பெட்டியிலேயே "பெரியவர்களுக்கு" என்று அச்சிட்டிருந்தார்கள். 1980-களில் அது "10 வயதும் அதற்கு மேலும்" என்று மாறியது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள்.

அன்று 14 வயதுப் பையனாக இருந்தவன் இன்று 50 வயதைத் தாண்டிவிட்டான். பையனாக இருந்தபோது அவனிடம் நேரம் இருந்தது, காசு இல்லை. ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தெருவே ஆடியது. பெரியவன் ஆனதும் கையில் சம்பளம் வந்தது, நேரம் போய்விட்டது. நண்பர்கள் ஊருக்கு ஒருவராகப் பிரிந்தார்கள். ஆனாலும் புத்தகம் வாங்கும் ஆசை விடவில்லை.

அந்த ஆசைக்குக் கம்பெனியும் தீனி போட்டது. 1989, 2000, 2008, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் சட்டதிட்டங்களைத் திருத்திப் புதுப் புத்தகங்கள் வெளியிட்டது. பழைய புத்தகத்தை வைத்தே ஆடலாம். ஆனாலும் மறுபடி மறுபடி வாங்கியவர்கள் பலர்.

கம்பெனியும் கை மாறியது. 1997-ல் "விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்" நிறுவனம் அதை வாங்கியது. 1999-ல் அந்த நிறுவனத்தையே "ஹாஸ்ப்ரோ" என்ற பொம்மைக் கம்பெனி வாங்கியது. அதே ஆண்டில் எடுத்த ஒரு கணக்கின்படி, அமெரிக்காவில் மாதந்தோறும் இத்தகைய கதை ஆட்டம் ஆடியவர்கள் 22½ லட்சம் பேர். இது 12 வயது முதல் 35 வயது வரை உள்ளவர்களின் கணக்கு மட்டும்தான். 36 வயதுக்காரர் அதில் இடம் பெறவில்லை!

சுமை யார் தலையில்?

2014-ல் மூன்று முக்கியப் புத்தகங்களும் ஒவ்வொன்றும் 49 டாலர் 95 சென்ட். மூன்றும் சேர்ந்து சுமார் 150 டாலர். குறைந்தபட்சக் கூலிக்கு வேலை செய்பவருக்கு இது 20 மணி நேரத்துக்கும் மேற்பட்ட உழைப்பு.

ஐந்து பேர் பங்கிட்டால் தலைக்கு 30 டாலர். வாரம் ஒருமுறை ஓர் ஆண்டு ஆடினால், ஒரு மாலைக்கு 60 சென்ட் கூட ஆகாது. அந்த ஆண்டில் அமெரிக்காவில் சினிமா டிக்கெட் சராசரியாக 8 டாலருக்கு மேல். சினிமாவோடு ஒப்பிட்டால் இது மிக மலிவு.

ஆனால் பெரும்பாலும் யாரும் பங்கிடுவது இல்லை. மூன்று புத்தகமும் தேவைப்படுபவர் ஆட்டத் தலைவர். அவரே வாங்குகிறார். மற்றவர்கள் வெறுங்கையோடு வந்து உட்காருகிறார்கள். கதையைத் தயார் செய்யும் உழைப்பும் அவருடையது, செலவும் அவருடையது.

இதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஆடுபவர்களில் 100-க்கு 20 பேர்தான் ஆட்டத் தலைவர்கள் என்றும், பணம் செலவழிப்பவர்களில் பெரும் பங்கு அவர்களே என்றும் 2022 டிசம்பரில் கம்பெனித் தலைவர் முதலீட்டாளர்களிடம் கூறினார். இந்த ஆட்டத்தில் இருந்து வர வேண்டிய வருமானம் வரவில்லை என்றும் சொன்னார். மீதி 80 பேரின் சட்டைப்பையும் கம்பெனியின் கண்ணில் பட்டுவிட்டது!

பின்வாங்கிய கம்பெனி

அடுத்த மாதமே சண்டை வெடித்தது. இந்த ஆட்டத்தின் சட்டதிட்டங்களை வைத்து வெளியார் கதைப் புத்தகம் எழுதி விற்க 2000-ம் ஆண்டு முதல் அனுமதி இருந்தது. பல சிறு பதிப்பகங்கள் அதை நம்பிப் பிழைத்தன. 2023 ஜனவரியில் புதிய நிபந்தனைகளின் நகல் வெளியே கசிந்தது. ஆண்டு வருமானம் 7½ லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 100-க்கு 25 வரை கம்பெனிக்குக் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது.

ஆடுபவர்கள் கொதித்தெழுந்தார்கள். கம்பெனியின் இணையதளத்துக்குக் கட்டிவந்த மாதச் சந்தாவைப் பலர் நிறுத்தினார்கள். அந்தச் சந்தாவிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டத் தலைவர் மாதம் 6 டாலர் கட்டினால், தான் வாங்கிய புத்தகங்களைத் தன் கூட்டாளிகள் எல்லோருக்கும் காட்டலாம். அங்கேயும் கட்டுபவர் ஒருவர், படிப்பவர் பலர்!

கட்டுபவர்கள் சிலர் என்பதால், அவர்கள் கையை இழுத்துக்கொண்டதும் வலி உடனே தெரிந்தது. ஜனவரி 27-ந் தேதி கம்பெனி பணிந்தது. அடிப்படைச் சட்டதிட்டங்களை யார் வேண்டுமானாலும், என்றைக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதைத் திரும்பப் பெற வழி இல்லை.

ஆகவே இன்று ஒரு பையன் இந்த ஆட்டத்தைத் தொடங்க 150 டாலர் வேண்டியது இல்லை. சட்டதிட்டம் இலவசம். பகடைக்காய் சில டாலர். ஆனால் வாரந்தோறும் கதையைத் தயார் செய்து, நண்பர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்க ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை.