தாய்லாந்தில் திருவெம்பாவை

மார்கழி விடியலிற் சங்கும் சேமக்கலமும் முழங்க நாம் ஓதும் திருவெம்பாவை, நேயர்களே, தாய்லாந்தில் ‘திரியம்பவாய்’ என்னும் விழாவின் பெயராக வழங்குகின்றது. சிவபெருமான் பத்து நாட்கள் பூவுலகுக்கு எழுந்தருளுகின்றார் என்பது அவர்தம் நம்பிக்கை. நமக்கும் திருவெம்பாவைக் காலம் பத்து நாட்களல்லவா?

முதலாம் ராமா மன்னர் 1784இல் நாட்டுவித்த ஊஞ்சலின் செந்நிறக் கம்பங்கள், இடம் மாறிப் புதுக்கப்பெற்று, இன்றும் பாங்கொக்கில் நிற்கின்றன. இளைஞர் அதில் உயர ஆடி, மூங்கிற் கழியில் தொங்கும் பணமுடிப்பைப் பல்லாற் கவ்வுவராம். நம் ஊஞ்சற்பாட்டுக்கு இத்தனை துணிச்சல் இல்லை! உயிரிழப்புகள் நேர்ந்தமையால் 1935இல் ஆட்டம் நின்றது. ஓதுதல் நிற்கவில்லை. பிராமணக் குருமார் மணிவாசகர் வாக்கை இன்றும் ஓதுகின்றனர். ஒலி திரிந்துவிட்டது, பொருளும் மறைந்துவிட்டது.

இதைச் சொல்லிப் பெருமைப்படுவோர் உளர். எனக்கோ கவலையே மிகுகின்றது. என் வகுப்பில் இருபது பாடல்களையும் ஒப்புவிப்போர் பலர். பொருள் கேட்டாற் கையுயர்த்துவோர் மூவர்.