எந்த கேமரா என்று சொல்லுங்கள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவது என் தொழில். ப்ராசஸர் வாங்க வருகிறவர்கள் "எத்தனை கோர்?" என்றே ஆரம்பிப்பார்கள். எடிட்டிங் செய்பவரிடம் நான் கேட்பது, "எந்த கேமராவில் எடுக்கிறீர்கள்?"

கல்யாண வீடியோக்காரர்கள் சிலர் சோனி ஏ7 மார்க் 4 வைத்திருக்கிறார்கள். அதில் நிறத் தகவலை அதிகம் வைத்திருக்கும் 10 பிட், 4:2:2 முறையில், ஹெச்.265 சுருக்கத்தில் பதிவு செய்தால் ஃபைல் சிறிதாகும். ஆனால் அதை எடிட்டிங்கில் ஓட்டுவது ப்ராசஸருக்குப் பெரும்பாடு. டைம்லைனைத் தொட்டாலே திக்கும். இன்டெல் கோர் ஐ7-14700கே சிப்பில் இந்த வேலைக்கென்றே குயிக் சிங்க் என்ற தனிப்பகுதி உண்டு. விலை குறைவு என்று 'கேஎஃப்' மாடலை வாங்கிவிடாதீர்கள். உள் கிராஃபிக்ஸ் இல்லாததால் அதில் குயிக் சிங்க்கும் கிடைக்காது. 14700கே அடங்கிய 13, 14-ஆம் தலைமுறை சிப்புகளின் வோல்டேஜ் கோளாறுக்கு இன்டெல் 2024-இல் திருத்தம் வெளியிட்டது. அது கிடைக்க பயாஸை அவசியம் அப்டேட் செய்யுங்கள்.

கேம் மட்டும்தானா? ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி போதும். கோர் 8தான், ஆனால் எல்3 கேச் 96 எம்பி. கேம் அடிக்கடி கேட்கும் தகவல் சிப்பிலேயே இருப்பதால் ரேமுக்குப் போய்வரும் தாமதம் குறைகிறது.

இரண்டும் வேண்டுமென்றால் 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ்3டி-யோடு ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு போடுவேன். 4:2:2-வை அந்தக் கார்டே பார்த்துக்கொள்ளும்.