பழைய பூசையுடைக்கு வயது என்ன?

பங்குத் திருவிழாவை முன்னிட்டுக் கோயில் அலமாரிகளைத் துப்புரவு செய்யும்போது, அடித்தட்டில் மங்கிய பட்டுடை ஒன்று அகப்படுவதுண்டு. குருவானவர் திருப்பலிக்கு அணிந்த மேலுடை அது. 'கிழிந்துவிட்டது, எரித்துவிடலாம்' என்பார் ஒருவர். 'சரிகைக்கு விலை கிடைக்குமே' என்பார் மற்றொருவர். எரித்ததையும் விற்றதையும் மீட்க இயலாது. ஆகவே, முடிவு செய்யுமுன் அதன் வயதை அறிய முயல்வோம்.

முதலில் வடிவத்தை நோக்குவோம். கைகள் தடையின்றி அசையும்படி இருபுறமும் வெட்டப்பட்டு, முன்புறம் வயலினைப்போல் இடை குறுகியிருக்கிறதா? பதினேழாம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெருவழக்காயிருந்த வடிவம் அது. கைகளை மூடி அகன்று தொங்கும் உடை அதனினும் தொன்மையான வடிவமே. ஆயினும் 1925-இல் ரோமை அதனைத் தடுத்தது. 1957-இல் ஆயர்களின் தீர்மானத்திற்கு விட்டது. அதன்பின் அது தடையின்றிப் பரவியது.

அடுத்து, உடையோடு சேர்ந்தவற்றைப் பார்ப்போம். குருவின் இடக்கையில் தொங்கவிடும் சிறு பட்டை அதே துணியில் இருக்கிறதா? 1967 மே 4-இல் வெளியான ரோமை ஆணைக்குப்பின் அப்பட்டை கட்டாயமில்லை என்றாயிற்று. ஆதலால் அது 1967-க்கு முற்பட்ட உடையாக இருக்கலாம். பூவேலை முதுகுப்புறத்தில் செறிந்திருப்பின், குரு பீடத்தை நோக்கி நின்று பூசை செய்த காலத்தை அது நினைவூட்டும்.

பிறகு உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்போம். தையற்பொறி 1850-களில்தான் பரவத் தொடங்கியது. ஒரே அளவான பொறித்தையல் இருந்தால், உடை அதற்கு முற்பட்டதாகாது. உள்மடிப்பில் உதிர்ந்த இழை ஒன்றை இடுக்கியால் பிடித்து, உடைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொளுத்தினால், பருத்தி காகிதம்போல் மணக்கும்; பட்டு மயிர் கருகும் நாற்றம் தரும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பாலியெஸ்டர் 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

இங்கே ஒரு விதியை மனத்திற்கொள்வோம்: எந்த உடையும் தன்னிலுள்ள மிகப் புதிய பொருளைவிடப் பழையதன்று. ஆனால் அப்பொருள் பின்னாளில் பழுதுபார்க்கையில் சேர்ந்ததா என்றும் ஆராய வேண்டும். உட்துணியை மாற்றியிருக்கலாம், பழைய பூவேலையைக் கத்தரித்துப் புதுத் துணியில் பதித்திருக்கலாம். பழைய வடிவில் உடை தைப்பவர்கள் இன்றும் உள்ளனர். எனவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பலாகாது. மூன்று நான்கு அடையாளங்கள் ஒத்துவந்தால்தான் வயதை ஒருவாறு துணியலாம்.

வழிபாட்டிற்கென மந்திரிக்கப்பட்ட பொருள்களை மரியாதையோடு நடத்த வேண்டும், தகாத பயனுக்கு ஆக்கலாகாது என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1171-ஆம் பிரிவு. ஆகவே பங்குக்குருவைக் கேளாமல் எதையும் அகற்றலாகாது. வெள்ளிச் சரிகை காற்றுப்பட்டுக் கறுப்பது இயல்பு. அதனைப் புளியிட்டுத் துலக்கலாகாது. குண்டூசி குத்தினால் துரு பட்டை அரிக்கும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த இடத்தில் வைப்பதே நலம்.

இன்னொன்று: துணி சொல்லாத செய்திகளைப் பங்கின் முதியோரே சொல்ல வல்லவர்கள். எந்தக் குடும்பம், எந்த நேர்ச்சைக்காக, எந்தத் திருநாளில் இவ்வுடையைக் கொடுத்தது என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, அக்குறிப்பையும் உடையோடு வைப்போம்.