கேள்வி கேட்டா சாமி கோச்சுக்குமா?

சண்டே மாலை சர்ச் யூத் மீட்டிங்கில் கிடாரும் கைத்தட்டலும் மட்டும்தானா? டீன் ஏஜ் மனசுக்குள் நம்பிக்கை எப்படி வளருது, எங்கே முறியுது? அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு நேரடி ரிப்போர்ட்!

டிசம்பர் 31 ராத்திரி எங்க ஏரியா தூங்காது பாஸ். திருத்தணி மலையில் படித்திருவிழா. வருஷத்துக்கு 365 நாள், மலைக்கு 365 படி. ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறுவாங்க. புது வருஷம்னா வெள்ளைக்கார துரைகளைப் பார்த்துக் கும்பிடு போடுவது வழக்கமாக இருந்த காலம் அது. அவங்களுக்கெல்லாம் மேலான துரை தணிகைமலையில் இருக்கும்போது அங்கே எதற்குப் போகணும் என்று வள்ளிமலை சுவாமிகள் 1917-ல் ஆரம்பித்து வைத்த விழா.

அதே ராத்திரி, அதே பன்னிரண்டு மணி... பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிற எங்க அம்மையார்குப்பம் பக்கம், ஒரு சின்ன சர்ச்சில் புத்தாண்டு ஆராதனை. கீபோர்டு வாசிக்கிறவனுக்குப் பதினேழு வயசு. டிரம்ஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மீசைகூட சரியா முளைக்கலை. ஒரு பாட்டு தமிழில், அடுத்த பாட்டு தெலுங்கில். பார்டர் ஊர் ஆச்சே!

நான் மலையில், என் நண்பன் சர்ச்சில். "மச்சி, உன் சாமிகிட்ட எனக்கும் சேர்த்து வேண்டிக்கோடா" என்பது வருஷா வருஷம் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். ஆனால், நாங்கள் பிளஸ் ஒன் படிச்ச வருஷம் டிசம்பர் 31 அன்று அவன் சர்ச்சுக்குப் போகலை. தறி ஓடாத கொட்டகை வாசப்படியில் தனியா உட்கார்ந்திருந்தான்.

அவன் கேட்ட ஒரே கேள்வி

எங்க ஊரில் காலையில் அலாரம் வேண்டாம். தறிச் சத்தமே எழுப்பிவிடும். நண்பனின் அப்பா தறி ஓட்டினார், அம்மா தார் சுத்துவாங்க. அந்த வருஷம் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போச்சு. சர்ச் யூத் குரூப் மொத்தமும் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணினாங்க. என் அம்மாகூட திருத்தணிக்கு வேண்டிக்கிட்டாங்க. ஆனா, அவர் பிழைக்கலை.

ரெண்டு வாரம் கழித்து யூத் மீட்டிங்கில் நண்பன் எழுந்து கேட்டான். "நாம இத்தனை பேர் கேட்டோமே, ஏன் கேட்கலை?" நடத்திக்கொண்டிருந்தவர், "இந்த மாதிரி சந்தேகமெல்லாம் சாத்தான் கொடுக்கிறது. உட்காரு தம்பி" என்றார். அவன் உட்கார்ந்தான். அடுத்த வாரத்திலிருந்து போகவே இல்லை.

எனக்கு அந்த 'உட்காரு' நல்லாவே புரிந்தது. இன்ஜினீயரிங் கிளாஸில் டெரிவேஷனுக்கு நடுவில் "ஏன் சார்?" என்று கேட்டுப் பாருங்களேன். இன்டர்னல் மார்க்கை நினைத்து நாமே உட்கார்ந்துவிடுவோம். ஆனா, தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கலாம். இது அப்படி இல்லையே!

யூத் மீட்டிங்கில் என்ன நடக்குது?

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்காக ஒரு குட்டி விளக்கம். சின்னப் பசங்களுக்கு ஞாயிறு பள்ளி. 1780-களில் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்கிற பத்திரிகைக்காரர் பிரபலமாக்கியது. வாரத்தில் ஆறு நாள் ஃபேக்டரியில் வேலை செய்த குழந்தைகளுக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அன்றைக்கு அவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பாடப்புத்தகம், பைபிள். தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த எங்க ஊர்க்காரர்களுக்கு இது ரொம்பப் பக்கத்துக் கதை.

கொஞ்சம் வளர்ந்ததும் வாலிபர் ஐக்கியம். வேத பாடம், பாட்டு பிராக்டீஸ், டிசம்பரில் வீடு வீடாக கேரல் ரவுண்ட்ஸ், முகாம், கோடை விடுமுறையில் சின்னப் பசங்களுக்கு வி.பி.எஸ். எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளி.

சி.எஸ்.ஐ., லூத்தரன் போன்ற சபைகளில் நடுவில் ஒரு முக்கியமான கட்டம் உண்டு. பெயர் 'திடப்படுத்தல்'. கைக்குழந்தையாக ஞானஸ்நானம் எடுத்தபோது அப்பா அம்மா இவர்களுக்காக வாக்குக் கொடுத்தார்கள் இல்லையா? அதை டீன் ஏஜில் இவர்களே சபை முன்னால் நின்று, சொந்த வாயால் சொல்லணும். அதற்கு முன்னால் வகுப்பு எல்லாம் உண்டு. சிக்கல் என்னன்னா, சிலர் இதை டிகிரி சர்டிஃபிகேட் மாதிரி வாங்கிக்கொண்டு, அதோடு சர்ச்சுக்கு டாட்டா காட்டிவிடுவதுதான்.

ஏன் இப்படி? அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபௌலர் 1981-ல் நம்பிக்கையின் வளர்ச்சிப் படிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். டீன் ஏஜில் நம் நம்பிக்கை பெரும்பாலும் சுற்றி இருக்கிறவர்களிடமிருந்து வாங்கினது. வீடு நம்புது, நண்பர்கள் நம்புறாங்க, நானும் நம்பறேன். அதற்கு அடுத்த படி, 'இதை நான் நிஜமாவே நம்பறேனா?' என்று எடுத்துப் பிரித்துப் பார்ப்பது. கேள்வி வருவது அந்த இடத்தில்தான். அதாவது, கேள்வி கேட்கிற பையன் கீழே இறங்கலை பாஸ், அடுத்த படியில் கால் வைக்கிறான். அந்த நேரம் பார்த்து 'உட்காரு' என்றால்?

ஆரம்பித்ததே பசங்கதான்!

இதை எழுதுவதற்காகத் தேடிப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். இந்த இளைஞர் ஊழியங்களில் பலவற்றைப் பெரியவர்கள் கமிட்டி போட்டு ஆரம்பிக்கவில்லை.

லண்டனில் ஒரு துணிக்கடை. அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவருக்கு வயசு 22. பிழைப்புக்காக நகரத்துக்கு வந்து, கடை மாடியிலேயே தங்கி, நாள் முழுக்க உழைத்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் தவித்த பசங்களைப் பார்த்தார். 1844 ஜூன் 6 அன்று கடை மாடி அறையில் சில நண்பர்களோடு உட்கார்ந்து ஆரம்பித்ததுதான் ஒய்.எம்.சி.ஏ. மெட்ராஸில் 1890-ல் வந்தது. நாம் பி.இ.டி. பீரியடில் ஆடுகிற பேஸ்கெட்பால் 1891-லும், வாலிபால் 1895-லும் பிறந்தது அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. வட்டாரத்தில்தான். ஆன்மா, அறிவு, உடம்பு மூன்றும் சேர்ந்து வளரணும் என்பது அவர்கள் பாலிசி. சென்னை நந்தனத்தில் இருக்கிற உடற்கல்விக் கல்லூரியும் அதே குடும்பம். 1920-ல் ஹாரி பக் தொடங்கியது.

அடுத்தவர் நம்ம ஊர்க்காரர். வி.எஸ்.அசரியா. 1874-ல் நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் டிகிரி வாங்காமல் வெளியே வந்தவர் (அரியர் சங்கத்து நண்பர்கள் கவனிக்க!). அப்புறம் ஒய்.எம்.சி.ஏ.வில் இளைஞர்களுக்காக வேலை செய்ய ஆரம்பித்தார். 1903-ல், 28 வயசில், நண்பர்களோடு சேர்ந்து திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினார். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம்ம ஆள், நம்ம காசு என்பது கொள்கை. அப்புறம் தெலுங்கு பேசுகிற தோர்ணக்கல்லுக்குப் போய், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார்.

1910-ல் எடின்பர்க்கில் நடந்த உலக மாநாட்டில் அவர் பேசினதுதான் ஹைலைட். வெளிநாட்டு மிஷனரிகள் செய்த தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தாமல் எங்களோடு நண்பர்களாகவும் பழகுங்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். மேலே நின்று உபதேசம் பண்ணுவது வேறு, பக்கத்தில் உட்காருவது வேறு. நூறு வருஷம் தாண்டியும் எல்லா யூத் லீடருக்கும் இது பொருந்தும்.

திருத்தணிப் பையன், ஸ்காட்லாந்து வாத்தியார்

கேள்வி கேட்பது பாவமா? பைபிளிலேயே பார்த்தேன். இயேசுவின் விடலைப் பருவம் பற்றி ஒரே ஒரு காட்சிதான் இருக்கிறது, லூக்கா இரண்டாம் அதிகாரத்தில். பன்னிரண்டு வயசுப் பையன் எருசலேம் தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்கிறான். யாரும் 'உட்காரு' என்று சொல்லவில்லை. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தான்!

அப்புறம் தோமா. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்த சீஷர். அவரை யாரும் கூட்டத்தைவிட்டுத் துரத்தலை. நம்ம சென்னைக்கு வந்து, பரங்கிமலையில் உயிரை விட்டார் என்று பாரம்பரியம் சொல்வது இதே சந்தேகப் பேர்வழியைத்தான்.

எங்க பக்கத்து உதாரணமும் ஒன்று இருக்கு. திருத்தணியில் 1888-ல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். நாம் ஆசிரியர் தினம் கொண்டாடுகிற அதே ராதாகிருஷ்ணன்தான். இந்து வீட்டுப் பையன். பெரும்பாலும் படித்தது மிஷன் பள்ளி, மிஷன் கல்லூரி. திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, அப்புறம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே மிஷனரிகள் இந்து மதத்தை விமர்சித்தது அவர் மனசைக் குடைந்தது. கோபித்துக்கொண்டு ஓடலை. தன் நம்பிக்கை எதன் மேல் நிற்குது என்று தோண்டிப் படிக்க ஆரம்பித்தார். 1908-ல் எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வேடு எழுதினார். அதை மனசார பாராட்டியது யார் தெரியுமா? அவருடைய பேராசிரியர் ஏ.ஜி.ஹாக். ஸ்காட்லாந்து மிஷனரி!

யோசிச்சுப் பாருங்க. தன் மதத்தைப் பரப்ப வந்தவர், தனக்கு எதிர்ப்பக்கம் நின்று வாதாடுகிற இருபது வயசுப் பையனின் நேர்மைக்கு மார்க் போடுகிறார். அந்தப் பையன் கிறிஸ்தவன் ஆகலை. ஆனா, வளர்ந்தான். ஹாக் மாதிரி ஒரு பெரியவர் ஒவ்வொரு சர்ச்சிலும், ஏன், ஒவ்வொரு கோயிலிலும் காலேஜிலும் இருந்தா எப்படி இருக்கும்!

தறிக் கொட்டகையில் ஒரு அக்கா

நண்பன் கதைக்கு வருவோம். ஒன்றரை வருஷம் அவன் சர்ச் பக்கமே போகலை. தறி ஓட்டினான், பிளஸ் டூ எழுதினான். திட்டவும் ஆள் வரலை, தேடவும் ஆள் வரலை. ஒருத்தரைத் தவிர.

அதே சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருந்த ஒரு அக்கா. நர்ஸாக வேலை பார்க்கிறவங்க. ஒருநாள் டியூட்டி முடிஞ்சு அவன் வீட்டுக்கு வந்தாங்க. பைபிள் எடுக்கலை, ஜெபம் பண்ணலாமான்னும் கேட்கலை. அவன் அம்மாகூட உட்கார்ந்து ஒரு மணி நேரம் தார் சுத்தினாங்க. அடுத்த வாரமும் வந்தாங்க. மூணாவது வாரம் இவனே கேட்டுட்டான். "அக்கா, எங்கப்பா விஷயத்துல ஏன்க்கா அப்படி ஆச்சு?"

"எனக்குத் தெரியலைப்பா. வார்டுல தினமும் நானும் அதைத்தான் கேட்கறேன்."

இதைச் சொல்லும்போது நண்பன் குரல் மாறியது. "அவ்ளோ நாள்ல எனக்குக் கிடைச்ச முதல் ஒழுங்கான பதில் அதுதான்டா" என்றான்.

அந்த மே மாசம் வி.பி.எஸ்.ஸுக்கு வாத்தியார் பற்றாக்குறை. "கதை சொல்ல வேணாம், பசங்களை வெச்சு சமாளிச்சா போதும்" என்று அக்கா இழுத்துக்கொண்டு போனார்கள். (இந்த விடுமுறைப் பள்ளி ஐடியாவும் தெருப் பசங்களை வைத்து வந்ததுதான். 1898-ல் நியூயார்க்கில் கோடை லீவில் சும்மா சுற்றின குழந்தைகளுக்காக எலைசா ஹாஸ் என்ற பெண்மணி தொடங்கியது.) முப்பது வாண்டுகள், ஒரு கரும்பலகை, நடுவில் இவன். நாலாம் நாள் ஒரு குட்டிப் பெண் கேட்டாள். "அண்ணா, எங்க பாட்டிக்காக நான் ஜெபம் பண்ணேன். செத்துட்டாங்க. ஏண்ணா?"

கூட்டம் அமைதி. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் தான் நின்ற இடத்தில் இப்போ இந்தப் பொண்ணு நிக்குது என்று இவனுக்குப் புரிந்தது. அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, "எனக்கும் தெரியலைம்மா. எங்கப்பாவும் செத்துட்டாரு. பாட்டி எப்படி இருப்பாங்க, சொல்லு" என்றான். அவள் அரை மணி நேரம் பாட்டியைப் பற்றிப் பேசினாளாம்.

அவன் மறுபடி சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தது அதற்கு அடுத்த ஞாயிறு.

யூத் லீடர்களுக்கும் நமக்கும் நாலு டிப்ஸ்!

கேள்விக்கு பதில் தெரியாவிட்டால் 'தெரியலை' என்று சொல்லுங்க. மரியாதை குறையாது, கூடும்.

ஒரு பையன் ரெண்டு வாரம் வரலையா? மெசேஜ் அனுப்பாதீங்க. நேரில் போங்க. போனதும் உபதேசம் வேண்டாம்.

டீன் ஏஜ் பசங்களுக்கு சேர் தூக்குகிற வேலை மட்டும் கொடுக்காமல், நிஜமான பொறுப்பு கொடுங்க. தப்பு செய்வாங்க, பரவாயில்லை. ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு 22 வயசுதான்!

கேள்வி கேட்கிற நண்பர்களே... ஒரு இடத்தில் 'உட்காரு' என்றால் வேறு ஆளிடம் கேளுங்க. கேட்பதை மட்டும் விட்டுடாதீங்க.

இதை எழுதிட்டு நண்பனுக்கு வாசிச்சுக் காட்டினேன். "எல்லாம் சரி, கடைசில அந்தக் கேள்விக்குப் பதில் கிடைச்சுதான்னு எழுதலையே?" என்றான்.

"கிடைச்சுதா?"

"இல்ல. இன்னும் கேட்டுட்டுதான் இருக்கேன். ஆனா, இப்போ உள்ளே உட்கார்ந்து கேட்கறேன்."

வர்ற டிசம்பர் 31-க்கு ஒப்பந்தம் புதுப்பிச்சாச்சு. அவன் கீபோர்டில், நான் படியில். என் மூணு அரியருக்கும் அவன்தான் ஜெபம் பண்ணணும்!