இடமறிந்து ஆங்கிலம் பேசுதல்

ஆங்கில இலக்கணத்தில் தேர்ந்த மாணவனொருவன், இங்கிலாந்தினின்று வந்துள்ள பேராசிரியரை அணுகி, "கிவ் மீ யுவர் புக்" என்கிறான் என வைத்துக்கொள்வோம். வாக்கியத்தில் இலக்கணப் பிழை யாதுமில்லை. மாணவன் உள்ளத்திலும் பணிவின்மை இல்லை. ஆயினும் கேட்டவர் முகம் சுளிக்கின்றது. காரணம் யாது?

தமிழில் "நூலைத் தாருங்கள்" என்னுமிடத்து, வினையின் விகுதியே மரியாதையைச் சுமந்து நிற்கின்றது. ஆங்கில ஏவல் வினைக்கு அத்தகைய விகுதி இல்லை. முற்காலத்தில் ஒருவரை நெருங்கிய முறையில் விளிக்கத் 'தௌ' என்பதும், மரியாதைக்கு 'யூ' என்பதும் அம்மொழியில் வழங்கின. 17-ஆம் நூற்றாண்டின் முடிவிற்குள் பொதுப் பேச்சில் 'தௌ' பெரிதும் அருகிவிடவே, ஆசிரியர்க்கும் ஏவலர்க்கும் 'யூ' ஒன்றே ஆயிற்று. ஆகவே நம் விகுதி புரியும் தொண்டை ஆங்கிலத்தில் 'பிளீஸ்', 'மே ஐ', 'குட் யூ' முதலிய சொற்களே புரிதல் வேண்டும். "மே ஐ பாரோ யுவர் புக்?" என்றிருப்பின், அம்மாணவன் தன் பணிவை உள்ளவாறே உணர்த்தியிருப்பான்.

ஈண்டு 'பாரோ' என்பதையும் நோக்குக. இரவல் பெறுவோன் செயல் 'பாரோ'; தருவோன் செயல் 'லெண்ட்'. இவை தம்முள் மாறின், பெறுவோன் தருவோனாகி விடுவான். இவ்வாறே நம் 'கேள்' என்னும் ஒரு சொல்லிற்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் உள. ஒலி காதில் விழுதல் 'ஹியர்', செவிசாய்த்தல் 'லிஸன்', வினாவுதல் 'ஆஸ்க்'.

வகுப்பில் விளங்காததை வினவ விரும்பி, "ஐ ஹாவ் எ டவுட்" என்பது நம் நாட்டு வழக்கு. இங்கிலாந்தினர் பலர் செவிக்கு, ஆசிரியர் கூற்றை நம்பவில்லை என்பதுபோல் அஃது ஒலிக்கும். 'கொஸ்சன்' என்பதே ஆண்டுப் பொருந்துவது.

துக்க வீட்டில் சொற்றேர்வு இன்னும் இன்றியமையாதது. இறந்தாரைக் குறித்து 'எக்ஸ்பயர்ட்' என்பர் நம்மவர். அங்கோ அச்சொல் காலங்கடந்த உரிமச்சீட்டிற்கே பெரிதும் வழங்குவது. 'டைட்', 'பாஸ்ட் அவே' என்பனவே மனிதர்க்கு உரியன. "ஐ ஆம் ஸோ ஸாரி" என்பது பிழை பொறுக்க வேண்டுதல் மட்டுமன்று, உடன்வருந்துதலுமாம். அதனைக் கூறத் தயங்குதல் வேண்டா.

நிற்க. அரிய சொல்லே உயர்ந்த சொல் என்னும் மயக்கமும் நம்மிடை உண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் மிகுதியாக அம்மொழியிற் புகுந்தன. அதனால் 'பிகின்' என்பதனோடு 'கமென்ஸ்' என்பதும், 'ஹெல்ப்' என்பதனோடு 'அஸிஸ்ட்' என்பதும் உளவாயின. சட்ட ஏட்டிற்கும் விழா அழைப்பிற்கும் பின்னவை தகும்; நண்பனோடு உண்ணுங்கால் முன்னவையே இனியன. 1906-இல் வெளிவந்த 'கிங்ஸ் இங்கிலீஷ்' என்னும் நூலில் பௌலர் சகோதரரும் எளிய, பழகிய சொற்களையே பரிந்துரைத்தனர்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! "இத்தமிழ்ச் சொல்லிற்கு ஆங்கிலம் யாது?" என்று அகராதியை மட்டும் வினவற்க. "இவ்விடத்தில், இவரிடத்தில், அம்மொழியார் எங்ஙனம் கூறுவர்?" என்று வினவுக. நம் உள்ளத்துப் பண்பு, தகாத சொல்லால் பிறர்பால் பழிக்கப்படாதிருத்தற்கு அதுவே வழியாகும்.